கல்லுக்குள் இருந்த சங்கு எங்கே போயிற்று?



இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்லன்ட் தீவு சுண்ணக்கல்லுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள கற்படைகளுள் ‘ரோச்’ எனப்படும் படை துளைகள் மலிந்ததாகும். அத்துளைகளினுள் திருகாணியைப் போன்று முறுக்கிய கற்கள் காணப்படுகின்றன. ‘போர்ட்லன்ட் திருகாணி’ என்பதே அவற்றுக்கு வழங்கும் பெயர். ஆயினும் அவை எவரும் செதுக்கியவை அல்ல. ஏறத்தாழ 14½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலில் வாழ்ந்த நத்தையொன்றின் உயிர்ச்சுவடுகளே அவை.

அவ்வாறாயின், அந்த நத்தையின் ஓடுதான் கல்லாகிவிட்டதா? இல்லை. இங்கேதான் நாம் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும்.

நத்தை இறந்தபின் அதன் வெற்றோட்டினுள் கடலடிச் சுண்ணச் சேறு புகுந்து நிறைந்தது. வெளியேயும் சேறு மூடியது. காலப்போக்கில் இரண்டும் இறுகிக் கல்லாயின. ஓடோ அரகோனைற்று என்னும் கனிப்பொருளால் ஆனது. அதுவும் கல்சியம் காபனேற்றே. எனினும் கல்சைற்றைவிட எளிதில் கரையக்கூடியது. கல்லினூடே கசிந்த நீர் ஓட்டை மாத்திரம் கரைத்துச் சென்றது. எஞ்சியது ஒரு வெற்றிடமும், அதன் நடுவே உள்வார்ப்பான திருகுக் கல்லும்தான். கிண்ணத்தில் அவித்த வட்டிலப்பத்தைத் தட்டில் கவிழ்த்தால், அது கிண்ணத்தின் உட்புற வடிவையே காட்டுகிறதல்லவா? அது போன்றதே இதுவும்.

ஆகவே, திருகுக் கல்லை மட்டும் பார்ப்பவர் ஓட்டின் உட்புறத்தையே அறிவார். வெளிப்புறக் கோடுகளும் புடைப்புகளும் எப்படியிருந்தன என்பதைத் துளையின் சுவரே கூறும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே ஓட்டின் தடிப்பு. இல்லாமற்போன பொருளுக்கு அது இருந்த இடமே சாட்சியாக நிற்கிறது.

இச்சாட்சியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வாசித்தவர் அறிஞர் அல்பிரூனி ஆவார். 1025ஆம் ஆண்டில் நிறைவுசெய்த ‘தஹ்தீத்’ எனும் நூலில், அரபுப் பாலைவனத்தில் கிணறு தோண்டும்போது வெளிப்படும் கற்களைப் பற்றி அவர் எழுதினார். அவற்றை உடைத்தால் உள்ளே சிப்பிகளும் சோகிகளும் இருப்பதையும், சிலவற்றில் அவை அழிந்து அவற்றின் வடிவில் வெற்றிடம் மட்டும் எஞ்சியிருப்பதையும் குறிப்பிட்டார். அந்நிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்பதே அவர் கண்ட முடிவு. பாலையில் நின்று கடலைக் காண அவருக்கு உதவியது, உடைத்துப் பார்க்கும் பொறுமையேயாகும்.

பெற்றோர்களே! நமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லும் மயோசீன் காலக் கடலில் படிந்ததே. நாளை உங்கள் பிள்ளை ஒரு கல்லைக் கொண்டுவந்து, “இதற்குள் ஏன் சங்கின் வடிவம்?” என்று வினவக்கூடும். “குப்பையை எறி” என்று அதட்டிவிடாதீர்கள். விடை தெரியாவிடினும் கூடவே அமர்ந்து பாருங்கள். கேள்வியை அடக்கப் பழகிய பிள்ளை, பின்னர் கேட்க வேண்டிய இடத்திலும் மௌனமாகிவிடும்.

இளைஞர்களே! கண்டதும் தீர்ப்புக் கூறாதீர்கள். உள்ளதைப் பாருங்கள், இல்லாததன் தடத்தையும் பாருங்கள், அதன்பின் பேசுங்கள்.