தக்காளி தோற்கும் இரவு

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ மே மாதக் காலையில் ஏதாவது ஒரு மாடித்தோட்டத்துக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தக்காளிச் செடி இடுப்புயரம் வளர்ந்து, இலையெல்லாம் கரும்பச்சையாக, கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும். செடி வளரும் பைக்கு அடியில் தட்டோட்டின் மேல் அதே மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்துக் காம்பைப் பாருங்கள். தக்காளிப் பூக்காம்பின் நடுவில் விரல் முட்டியைப் போல ஒரு சிறு புடைப்பு உண்டு. காயாகாத பூவைச் செடி சரியாக அந்த முட்டியில்தான் கழற்றிவிடும். தண்ணீர் போதவில்லை என்று வீட்டுக்காரர் இன்னொரு குடம் ஊற்றுவார். உரம் போதவில்லை என்பார் எதிர்வீட்டுக்காரர். பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருக்காது. வெயிலைக்கூட முழுதாகக் குறைசொல்ல முடியாது. பூவை வீழ்த்தியது இரவு.

ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் கலிபோர்னியாவில் தக்காளியைப் பகலுக்கு ஒரு வெப்பநிலை, இரவுக்கு வேறொரு வெப்பநிலை என்று மாற்றி மாற்றி வைத்து வளர்த்துப் பார்த்தார். 1944-ல் அவர் வெளியிட்ட முடிவு தெளிவானது. இரவு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தால் தக்காளி நன்றாகக் காய்பிடிக்கும். இரவு சூடாகச் சூடாகக் காய் குறையும். பின்னால் வந்த ஆய்வுகள் இதற்கான காரணத்தைப் பூவுக்குள்ளேயே கண்டன. மொட்டு விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மகரந்தம் உருவாகிறது. அப்போது வெக்கை அடித்தால் மகரந்தம் வளமிழந்து போகும். சில ரகங்களில் சூல்தண்டு மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டுவிடுவதால், சொந்த மகரந்தமும் அதற்கு எட்டாது.

சென்னையில் மே மாதச் சராசரி இரவு வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். தாம்பரம் கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பதால், கடற்காற்று அடையாற்றைக் குளிர்வித்த பிறகுதான் இங்கே வந்து சேரும். போதாக்குறைக்கு, பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். தரையில் நிற்கும் செடிக்கு இல்லாத இந்த அடிச்சூடு மாடிச் செடிக்கு உண்டு.

அப்படியானால் கோயம்பேட்டுச் சந்தைக்கு மே மாதத் தக்காளி எங்கிருந்து வருகிறது? கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து. கோலார் கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; அங்கே இரவு குளிரும். அந்த நிலங்களில் ஒரு மழையோ நோயோ வந்தால் இங்கே விலை ஏறும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அது போன்ற விலையேற்றத்தின்போது நாற்று வாங்கி வைக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் தென்சென்னையில் தக்காளி நடவேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை. பறிக்க வேண்டிய காலம் தை, மாசி. வெப்பம் தாங்கும் ரகங்களைத் தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பல பத்தாண்டுகளாக உருவாக்கி வருகிறது. அவையும் 28 டிகிரி இரவில் திணறவே செய்யும்.

கோடை மாடியை ஆளவேண்டியவை வேறு செடிகள். முதலில் கத்திரி. அதன் ஊதாப் பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தப்பைகள் உப்புக் குப்பி மாதிரி நுனியில் மட்டும் துளை உள்ளவை. கருவண்டு என்று நாம் சொல்லும், மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய தேனீ அந்தப் பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும்; மகரந்தம் பொடியாகக் கொட்டும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. அடுக்குமாடியின் உச்சியில் கருவண்டு வரவில்லையென்றால், காலையில் பூக்கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே ஓரளவு பலன் கிடைக்கும். இன்னொன்றும் கவனிக்கலாம். கத்திரியில் எல்லாப் பூவும் காய்க்கப் பிறந்தவை இல்லை. சூல்முடி மகரந்தப்பைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் பூதான் காய்க்கும்; உள்ளே குட்டையாகப் புதைந்திருப்பது உதிர்ந்துவிடும். அது உதிர்ந்தால் வருந்த வேண்டியதில்லை.

கீரையின் கதை இன்னும் சுவையானது. சூடு ஏற ஏற, பெரும்பாலான செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கவேண்டிய ரூபிஸ்கோ என்னும் நொதி தவறுதலாக ஆக்சிஜனைப் பிடித்து, செய்த வேலையைத் தானே வீணாக்கும். தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகியவை அடங்கிய பேரினத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. கரும்பையும் சோளத்தையும் போல அவை கரியமில வாயுவை முதலில் வேறு வழியில் பிடித்து, இலையின் உட்புறச் செல்களுக்கு அனுப்பி, ரூபிஸ்கோவைச் சுற்றிச் செறிவாகச் சேர்த்துவைக்கின்றன. அதனால்தான் பாலக்கீரை சோர்ந்து கிடக்கும் அதே மாடியில் சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடுகிறது.

பறித்த கீரையைத் திறந்த சட்டியில் வேகவை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கும் வேதியியல் உண்டு. வேகும்போது கீரையிலிருந்து அமிலங்கள் வெளியேறும். மூடி போட்டால் அவை ஆவியாகிப் போக வழியில்லாமல் சட்டிக்குள்ளேயே திரும்பிவந்து, பச்சையத்தின் நடுவே இருக்கும் மெக்னீசியத்தைப் பிடுங்கிவிடும். பச்சை மங்கிப் பாசி நிறமாகும். வெண்டைக்காய் வழவழப்பதையும் வேதியியலே விளக்கும். அந்தக் கோழை நீரில் விரியும் சர்க்கரைத் தொடர்களால் ஆனது. கழுவித் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு நறுக்கி, கொஞ்சம் புளியோ மோரோ சேர்த்தால் அடங்கும். நம் மோர்க்குழம்பு அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது.

இதெல்லாம் நடக்கத் தண்ணீர் வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களை இந்த ஊர் மறக்கவில்லை. தென்புறநகரின் அடியில் கிடப்பது சார்னோகைட் பாறை. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பெயரிட்ட அந்தப் பாறைக்குப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிதான் மூல மாதிரி இடம். பாறையின் விரிசல்களில் ஊறும் போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமாகவும் உவர்ப்பாகவும் இருக்கிறது. கோடையில் பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு அதன் அடையாளம். தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பையில் நிரப்ப வேண்டும். 2013-14-ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானியத்தில் கொடுக்கத் தொடங்கிய மாடித்தோட்டத் தளைகளால் ('கிட்') இந்தக் கழிவு பல வீடுகளுக்குப் பழக்கமானது. அரிசி, காய் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுவது இங்கே சிக்கனம் மட்டும் இல்லை, செடிக்கும் நல்லது. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் தட்டினால் சுரைக்கும் பீர்க்கைக்கும் வேறொரு ஆபத்து வரலாம். இக்குடும்பத்துச் செடிகள் குக்குர்பிட்டசின் என்ற கடுங்கசப்புப் பொருளை உண்டாக்க வல்லவை. வறட்சியிலும் வெக்கையிலும் அது கூடலாம். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடுவதே சரி. ஆசையாக வளர்த்த காய் என்ற இரக்கம் இங்கே கூடாது. பாகற்காயின் கசப்பு வேறு வகை. அதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

இந்தக் கொடிகளுக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. பூசணியும் பாகலும் விடியலில் பூக்கும். பீர்க்கையும் சுரையும் புடலையும் மாலையில் பூக்கும், அந்திப்பூச்சிகளுக்காகவே காத்திருப்பவை. கோடையின் நீண்ட, சூடான நாட்களில் ஆண்பூ அதிகமாகவும் பெண்பூ குறைவாகவும் வரும் என்பதால், வருகிற பெண்பூவைத் தவறவிடக்கூடாது. ஐந்தரை மணிக்கு மேல் தாம்பரம் மாடியில் வெயில் தணிந்ததும் பீர்க்கையின் மஞ்சள் இதழ்கள் விரியத் தொடங்கும். பெண்பூவின் அடியில் சுண்டுவிரல் நீளத்தில் வரிகளோடு ஒரு பிஞ்சு ஏற்கெனவே இருக்கும். ஆண்பூ ஒன்றைக் கிள்ளி, இதழை மடக்கிவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுத்தால் போதும். மகரந்தம் பிடிக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கும். பிடித்திருந்தால் தலை கவிழ்ந்து கீழ்நோக்கி நீளத் தொடங்கும். நார் விழுமுன் பறித்தால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு.