வாய் பேசாத கடையில் வியாபாரம் ஆகுமா?



வீட்டில் இருந்தபடியே சேலை, நைட்டி, பொடி, வடகம் என்று 'ஆன்லைனில்' விற்கும் சகோதரிகள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். "படம் போட்டேன், விலை போட்டேன். எல்லாரும் பார்க்கறாங்க, போயிடறாங்க. வாங்கத்தான் ஆளில்லை" என்று அவர்களில் பலர் அலுத்துக் கொள்வதையும் கேட்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, பதினைந்து வருடமாக மதுரைச் சுங்குடிச் சேலைகளை மூட்டை கட்டிச் சுமந்து, வீடு வீடாகப் போய்த் தவணைக்குக் கொடுத்து வந்தவர். கணவர் இல்லை. ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். அக்காவுக்கு மூட்டு வலி வந்து, படி ஏற முடியாமல் போனதும், "நீ உட்காரும்மா, நான் போன்லயே கடை போடறேன்" என்று மகள் ஆரம்பித்தாள். இரண்டு மாதம் ஆகியும் வாரத்துக்கு ஒன்றிரண்டு சேலைதான் போனது. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளோ நெருங்கிக் கொண்டிருந்தது.

"சித்தி, நீங்க போன்ல நிறைய சேலை வாங்கறீங்களே... எங்க கடையில என்ன குறைன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள். வாங்குகிறவள் கண்ணோடு பார்த்தேன். 'தேவதை கலெக்ஷன் 7, சூப்பர் குவாலிட்டி, ரூ.950' என்று ஒரு வரி. டியூப்லைட் வெளிச்சத்தில் மடித்து வைத்து எடுத்த ஒரே ஒரு படம். அவ்வளவுதான்!

அக்கா ஒரு வீட்டு வாசலில் மூட்டையைப் பிரித்தால் அரை மணி நேரம் பேசுவார். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார். அந்தப் பேச்சுக்குத்தான் சேலை விற்றது. போனில் இருக்கும் கடைக்கு வாய் கிடையாது. நாம் எழுதி வைத்தால்தான் அது பேசும்.

"அக்கா, இத்தனை வருஷமா வாசல்ல பொம்பளைங்க உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்களோ, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன். மகள் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டே வந்தாள். சாயம் போகுமா? முந்தானை எப்படி இருக்கும்? ரவிக்கைத் துணி உண்டா? ஒன்பது கஜம் கிடைக்குமா? கஞ்சி போடணுமா? உள்ளே தெரியுமா? பிடிக்கலைன்னா மாத்தித் தருவீங்களா? அந்த நோட்டை வைத்துத்தான் கடையையே மாற்றி எழுதினோம்.

முதலில் பெயர். வாங்க நினைப்பவர் 'தேவதை கலெக்ஷன்' என்று தேடுவாரா? 'மதுரை சுங்குடி காட்டன் சேலை, அடர் பச்சை, சிவப்பு பார்டர்' என்று மாற்றினோம்.

அடுத்தது படம். காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், 'பிளாஷ்' இல்லாமல் எடுத்தோம். ஒரு சேலைக்கு ஐந்து படம். உடுத்திய தோற்றம், முந்தானை, கை வைத்துக் காட்டிய பார்டர், ரவிக்கைத் துணி, சேலையின் பின்புறம். பின்புறம் எதற்கு என்று கேட்பீர்கள். சுங்குடி என்றால் துணியைச் சின்னச் சின்னதாக நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்ப்பது. முடிச்சு இருந்த இடம்தான் புள்ளியாக நிற்கும், பின்பக்கமும் தெரியும். இந்த மதுரைச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால், அச்சில் புள்ளி குத்திய சேலைகளும் அதே பெயரில்தான் விற்கின்றன. விலை குறைவு, அதில் தப்பொன்றும் இல்லை. எது முடிச்சு, எது அச்சு என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவிடம் இரண்டும் உண்டு. ஒவ்வொன்றிலும் 'கையால் முடிச்சுப் போட்டது', 'அச்சு' என்று தெளிவாக எழுதினோம்.

நீளம் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி 80 செ.மீ. என்று அளவையும் போட்டோம். தபால் செலவை முதலிலேயே சேர்த்து மொத்த விலையைச் சொன்னோம். பணம் கட்டும் இடத்துக்குப் போன பிறகு, 'கூட 90 ரூபாய்' என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

குறையையும் எழுதலாம் என்று நான் சொன்னதும் மகள் பயந்தாள். 'கைவேலை என்பதால் புள்ளிகள் ஒன்று போல இருக்காது. முதல் சில சலவையில் சாயம் லேசாக இறங்கும். கல் உப்புத் தண்ணீரில் ஊற வைத்துத் தனியாக அலசவும். போனில் தெரியும் நிறத்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் சிறிது வித்தியாசம் இருக்கலாம்.' "இதைப் படிச்சா யார் சித்தி வாங்குவாங்க?" என்றாள். அக்காவோ, "வாசல்ல நான் இதைத்தாண்டி சொல்லுவேன், எழுது" என்று முடித்து விட்டார்.

மகளின் தோழி ஒருத்தி வேறு யோசனை வைத்திருந்தாள். "நாமளே நாலு பேர் பேர்ல 'சூப்பர்'னு எழுதிடலாம். 'இன்னும் இரண்டே சேலைதான் இருக்கு'ன்னு போட்டா அவசரப்பட்டு வாங்கிடுவாங்க..."

இது சட்டப்படியும் தவறு, தோழியரே! விற்பவரே வாங்கியவர் போல் நடித்துப் பாராட்டு எழுதக் கூடாது என்று 2020ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பொய்யாக அவசரம் காட்டுவதையும், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவதையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

அக்காவுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. ஆனால் அவர் சொன்னது: "வாசல்ல ஒரு பொய் சொல்லிட்டா, அடுத்த வாரம் அதே தெருவுக்கு எந்த முகத்தோட போவேன்?"

உண்மையாக வாங்கியவர்களிடமே, "சேலை எப்படிம்மா இருக்கு? நல்லதோ கெட்டதோ எழுதுங்க" என்று கேட்டோம். ஒரு சகோதரி, 'பார்டர் நினைத்ததை விடச் சின்னது' என்று எழுதினார். அதை அப்படியே விட்டு, பார்டரின் அகலத்தை எல்லாச் சேலைக்கும் அளந்து போட்டாள் மகள்.

ஒரே நாளில் மாயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் 'விலை என்ன, நீளம் என்ன' என்று கேட்டு மறைந்து போகிறவர்கள் குறைந்தார்கள். நிறம் சரியில்லை என்று சேலை திரும்பி வருவது நின்றது. நான்காவது மாதம் பெரும்பாலான நாட்களில் ஒரு சேலையாவது போனது. 'புள்ளி ஒன்று போல இல்லாத அந்த முடிச்சுச் சேலைதான் வேணும்' என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு! அந்தப் பருவத்துக் கட்டணத்தில் பாதிதான் கடையிலிருந்து வந்தது. மீதிக்குக் கம்மல் அடகுக்குப் போனது. அடுத்த பருவத்துக்குக் கட்டணத்தையும் கட்டி, கம்மலையும் மீட்டு விட்டார் அக்கா.

பொடி, ஊறுகாய் விற்கும் சகோதரிகளே, உங்கள் நோட்டில் வேறு கேள்விகள் இருக்கும். எந்த எண்ணெய்? பூண்டு உண்டா? எத்தனை நாள் தாங்கும்? எத்தனை கிராம்? உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் என்ன? எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும், உங்கள் பொருளையே பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் இன்னும் ஏதாவது கேட்டால், அந்தப் பதிலையும் சேர்த்து விடுங்கள்.

- ஒரு வாசகி, மதுரை.