ஒடிந்த தக்காளிச் செடியைப் பிடுங்க வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையோடு காற்றும் சேர்ந்து அடித்தால், காய் பிடித்த தக்காளிச் செடிகள் காலையில் சாய்ந்து கிடக்கும். சிலவற்றில் தண்டு மடங்கியிருக்கும், சிலவற்றில் கிளை பிளந்திருக்கும். முகப்பேரின் வயல்கள் வீட்டுவசதி வாரிய மனைகளாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று அங்கே தக்காளி பெரும்பாலும் மாடியில், பைகளில் வளர்கிறது. மாடியில் காற்றின் வேகம் அதிகம். மேற்கே பூவிருந்தவல்லி, திருவள்ளூர் பக்கம் கால் ஏக்கர், அரை ஏக்கரில் பயிரிடும் விவசாயிகளுக்கும் இதே தொல்லைதான்.

ஒடிந்த செடியைப் பிடுங்கி எறிவது பலருக்கு வழக்கம். அவசரப்பட வேண்டாம். மழைக்காலத்தில்தான் தக்காளி விலை ஏறுகிறது. 2021 நவம்பர் மழையின்போது சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. புதிய நாற்றை நட்டால் முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்திற்கு மேல் ஆகும். கையில் இருக்கும் செடியைக் காப்பாற்றுவதே லாபம்.

முதலில் முறிவைப் பாருங்கள். தண்டு மடங்கியிருந்தாலும் ஒரு பக்கப் பட்டை அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் செடி பிழைக்கும். நீரும் சத்தும் அந்தப் பட்டை வழியாக ஓடிக்கொண்டிருக்கும். காயம் பட்ட இடத்தில் புதுத் திசு வளர்ந்து பிளவை மூடும். ஆனால் காயம் உலர்வதற்குள், அன்று காலையிலேயே கட்டிவிட வேண்டும். மறுநாள் கட்டினால் பலன் குறைவு.

புத்தூரில் எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்களே, அதே முறைதான் இதற்கும். மடங்கிய தண்டை மெதுவாகத் தூக்கி, பிளந்த இரு பக்கமும் சரியாகப் பொருந்தும்படி வையுங்கள். நடுவில் மண் இருக்கக் கூடாது. விரல் நீளத்தில் இரண்டு மூங்கில் பத்தைகளை இரு பக்கமும் வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டுங்கள். கட்டு அசையவும் கூடாது, தண்டை நசுக்கவும் கூடாது. அருகில் ஒரு கம்பு நட்டு, முறிவுக்கு மேலும் கீழும் செடியை அதில் கட்டுங்கள். பிறகு அந்தக் கிளையில் உள்ள பெரிய காய்களைப் பறித்துவிட வேண்டும். மனம் வராதுதான், ஆனால் பாரம் குறையாமல் முறிவு சேராது. வெயில் அடித்தால் இரண்டு மூன்று நாட்களுக்குத் தென்னங்கீற்றால் நிழல் கொடுங்கள். நுனி இலைகள் பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. இரண்டு வாரத்தில் அந்த இடம் முடிச்சுப் போலத் தடித்துவிடும்.

முறிவு தரையை ஒட்டி இருந்தால் வேலை இன்னும் எளிது. தக்காளித் தண்டு ஈர மண் பட்ட இடத்தில் வேர் விடும். நீர் வடிந்தபின் முறிவு மறையும்வரை மண் அணைத்தால் போதும். ஒட்டுச் செடிகளுக்கு மட்டும் ஒட்டுப் பகுதி மூடும்படி மண் அணைக்கக் கூடாது.

நுனி முழுவதும் அறுந்து விழுந்துவிட்டதா? அதையும் வீணாக்க வேண்டாம். ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, பூ, பிஞ்சு, அடி இலைகளை நீக்கி, நிழலில் ஈர மணலில் ஊன்றினால் ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். போக்கிடங்களை நிரப்ப இது உதவும். நின்ற அடித்தண்டிலும் இலைக் கணுக்களிலிருந்து சிம்பு வரும். வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

எல்லாச் செடியையும் காப்பாற்ற முயல்வதும் சரியல்ல. இலைச் சுருள் நோய் கண்ட செடியைக் கட்டிப் பயனில்லை. அதிலிருந்து நுனி எடுத்து நடவும் கூடாது. முறிவே இல்லாமல் செடி திடீரென வாடினால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். வெள்ளையாகப் பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும். வைரஸ் நோய்கள் கை வழியாகவும் கத்தி வழியாகவும் பரவும். கட்டுப் போடுமுன் இரண்டையும் சோப்பு நீரில் கழுவுங்கள். புகையிலை தொட்ட கை ஆகவே ஆகாது.

கம்பு நடுவதைக் காற்று வந்தபின் நினைப்பதுதான் நம் பகுதியின் வழக்கம். நட்ட 30ஆம் நாளே 60 முதல் 100 செ.மீ. உயரமுள்ள கம்புகளை நட்டு, தரையிலிருந்து 20 செ.மீ. வரை உள்ள பக்கக் கிளைகளை நீக்கிவிட வேண்டும். சவுக்குக் கம்பு போதும். கட்டுவதற்கு வாழை நாரோ சணலோ நல்லது. கம்பி வேண்டாம், காற்றில் செடி ஆடும்போது அதுவே தண்டை அறுத்துவிடும். கம்பில் இறுக்கி, செடியைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாக, எட்டு வடிவில் கட்டுங்கள். மாடிப் பைகளில் மண் ஆழம் குறைவு என்பதால் கம்பு தனியே நிற்காது. அதன் தலையைக் கைப்பிடிச் சுவரில் உள்ள கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.