சிம்ப்யூட்டரும் நாற்றங்கால் கணினியும்

கீழ்பென்னாத்தூர் நியாயவிலைக் கடையில் ஸ்மார்ட் கார்டை நீட்டி, விரல் ரேகை பதித்து, அரிசிக்கும் பருப்புக்கும் ரசீது வாங்கிச் செல்லும் குடியானவர்களுக்கு, அந்த மிஷினுக்குள் ஒரு முழுக் கணினியே அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க அவகாசம் இருப்பதில்லை. ஆனால், கிராமத்துக்கு ஒரு கைக்கணினி இருந்தால் போதும், அவரவர் விவரம் அவரவர் அட்டையில் இருக்கட்டும் என்னும் எண்ணம் நம் தேசத்தில் ஸ்தூல வடிவம் பெற்றுக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும், என்கோர் நிறுவனத்துப் பொறியியலாளர்களும் 1999-இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, 2001 ஏப்ரலில் உலகத்தார் முன் வைத்த சிம்ப்யூட்டரே அது.

எழுத்தறியாதவருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர்களுடைய சங்கற்பம். ஆகவே எழுத்தை உரக்க வாசிக்கும் ‘த்வனி’ என்னும் மென்பொருளையும் அதற்காகவே உருவாக்கினார்கள். பேசும் கணினிக்கு அமைந்த உடலோ மிகச் சிறியது: 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட திரை. இதற்கு அவர்கள் தேர்ந்த இயங்குதளம் லினக்ஸ். அதன் மூலநிரல் எவருக்கும் திறந்திருந்தமையால், வேண்டாததைக் களைந்து வேண்டியதை மாத்திரம் வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சுதந்திரம் இல்லாதிருந்தால் சிம்ப்யூட்டரே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய கருவியில் உட்கார்ந்தே அதன் மென்பொருளைத் தொகுப்பது இயலாத காரியம். மூலநிரலைச் செயலிக்குரிய கட்டளைகளாக்கும் தொகுப்பி என்னும் கம்பைலர், லினக்ஸின் மையமான கருவை உருவாக்கும்போது விழுங்குகிற நினைவகமும் வட்டிடமும் சிறு கருவியின் சக்திக்கு அப்பாற்பட்டவை. எனவே, வயல் வேறிடத்தில் இருக்க, அந்த வயலின் மண்ணுக்கேற்ற விதையைத் தேர்ந்து நாற்றங்காலில் வளர்த்துப் பின்னர் பறித்து நடுவதைப்போல, மேசைக் கணினியில் தொகுத்து, கைக்கருவியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். இதுவே கிராஸ் கம்பைலிங்.

இரண்டு செயலிகளின் பாஷையும் வேறு. மேசைக் கணினியின் இன்டெல் கட்டளைகள் ஒரு பைட்டிலிருந்து 15 பைட் வரை நீளும். அந்நாளைய ஆர்ம் கட்டளைகளோ பெரும்பாலும் 4 பைட் என்னும் ஒரே அளவு. ஆர்முக்கென உருவான கோப்பின் தலைப்பைத் திறந்து 19-ஆவது பைட்டைப் பார்த்தால் அங்கே 40 என்னும் எண் இருக்கும். 32-பிட் இன்டெல்லுக்கு உரியதாயின் 3. இந்த எண்ணைக் கண்டுதான் இயங்குதளம் கோப்பை ஏற்பதா, தள்ளுவதா என்று நிர்ணயிக்கிறது. மேலும் ஸ்ட்ராங்ஆர்மில் தசமக் கணக்குக்குத் தனி உறுப்பு கிடையாது. அக்கணக்கை மென்பொருளே போடும்படி தொகுப்பியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சில நூலகங்களை ஒரு விதமாகவும் சிலவற்றை வேறு விதமாகவும் தொகுத்துவிட்டால், பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் பிராணன் போய்விடும்.

குறைந்தபட்ச அமைப்புக்கு வேண்டியவை சிலவே: லினக்ஸ் கரு, ஒரு சி நூலகம், அன்றாடக் கட்டளைகள், முதலில் விழித்தெழுந்து மற்றவற்றை எழுப்பும் இனிட். கோப்புகளைப் பட்டியலிடுவது முதல் நகலெடுப்பது வரை நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கிவைக்கும் பிஸிபாக்ஸை 1995-இல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கினார். அதைச் சுமார் ஒரு மெகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம்.

சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. 2004-இல் ‘அமிடா’ என்னும் பெயரில் அங்காடிக்கு வந்தும், பெருகிவந்த கைப்பேசியின் முன் நிலைக்க முடியவில்லை. ஆனால் இன்றைய ஆண்ட்ராய்டு பேசிக்குள் இருப்பதும் அதே லினக்ஸ் கருதான். அதுவும் பெரிய கணினிகளில் தொகுக்கப்பட்டே கைக்கு வருகிறது. பில்ட்ரூட் என்னும் இலவச மென்பொருள் தொகுப்பியையும் நூலகத்தையும் கருவையும் வரிசைப்படி தானே உருவாக்கித் தருவதால், கீழ்பென்னாத்தூரிலுள்ள ஒரு மாணவி தன் மடிக்கணினியில் இரவு தொடங்கினால், காலையில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகையில் தன் சொந்த லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம்.