கறுத்த தோலெல்லாம் குடம்புளி அல்ல

மட்டாஞ்சேரி மளிகைக் கடையில் வெறுமனே ‘புளி’ என்று கேட்டால், எந்தப் புளி என்று திருப்பிக் கேட்பார்கள். நாம் அன்றாடம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் கரைப்பது அங்கே வாளன்புளி. மீன் கறிக்கு ஊறவைக்கும் கறுத்த, சுருண்ட, புகை வாடை அடிக்கும் தோல் துண்டு குடம்புளி. இதே மட்டாஞ்சேரியில் செர்லாய்ப் பகுதியில் வாழும் கொங்கணிகளின் பூர்வீகச் சமையலில் மூன்றாவதாக ஒரு புளியும் உண்டு. அது கோகம், குடம்புளியின் நெருங்கிய உறவு. கடைக்காரருக்கு மூன்றும் தெரியும் என்பதால் அங்கே குழப்பமில்லை. அந்தத் தோல் பொட்டலமாகி சென்னைக்கோ கோவைக்கோ வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உறையில் ஓரிடத்தில் குடம்புளி, இன்னோரிடத்தில் கோகம், வேறோரிடத்தில் மலபார் புளி. பழக்கமில்லாத பொருளை வாங்கும்போது பெயரை நம்பிப் பயனில்லை. எந்த மரம், அதன் எந்தப் பாகம், எப்படிக் காயவைத்தார்கள், குழம்பில் அதற்கு என்ன வேலை என்று பார்த்தால் மட்டுமே பொருள் பிடிபடும்.

குடம்புளி ‘கார்சினியா கம்மி-கட்டா’ என்ற மரத்தின் பழத்தோல். பழம் சிறு பூசணிபோல வரிவரியாகப் பிளவுபட்டிருக்கும், பழுத்தால் மஞ்சளாகும். கோகம் ‘கார்சினியா இண்டிகா’வின் தோல். அந்தப் பழம் உருண்டையாக, வரிகள் இல்லாமல், கருஞ்சிவப்பாக இருக்கும். காய்ந்தபின் இரண்டுமே கறுத்துச் சுருங்கிவிடுவதால் மேலோட்டமாகப் பார்த்து இனம் காண்பது கடினம். ஆனால் வெந்நீர் ஏமாறாது. ஒரு துண்டைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். கோகமாக இருந்தால் நீர் சிவக்கும். அதன் தோலில் ஆந்தோசயனின் என்ற நிறமிகள் இருப்பதே காரணம். அந்த நீரில் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நுரை அடங்கும்வரை விட்டால் சிவப்பு மறைந்து நீலமோ பச்சையோ கலந்த மங்கல் நிறம் வரும். குடம்புளி நீர் பழுப்பாகவே இருக்கும். கோகம் பழைய சரக்கானால் நிறமி சிதைந்துபோயிருக்குமே என்று கேட்கலாம். உண்மைதான், நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அப்போது மூக்குதான் துணை.

ஏனென்றால் குடம்புளியின் புகை வாடை சுவைக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல, பருவம் அதன்மேல் போட்ட முத்திரை. கோகம் பழுப்பது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். கொங்கணத்து வெயில் சுட்டெரிக்கும் காலம் அது. தோலைப் பழச்சாற்றில் உப்போடு நனைத்து நனைத்து வெயிலிலேயே உலர்த்திவிடுகிறார்கள். கேரளத்தில் குடம்புளி விழுவதோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது. வெயிலை நம்பினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் பழத்தைப் பிளந்து விதை நீக்கி, அடுப்புக்கு மேலே பரணில் பரப்பிப் புகையிலும் சூட்டிலும் கறுக்க விடுகிறார்கள். உப்பும் தேங்காய் எண்ணெயும் பூசி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்று உலர்த்தும் இயந்திரத்தில் காயவைத்த, புகையே படாத குடம்புளியும் விற்பனைக்கு வருகிறது. புளிப்பில் குறை இருக்காது, ஆனால் பழைய கறியின் மணம் அதில் வராது.

பெயரை நம்பி ஏமாறுவது சமையலறைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களும் அதற்குத் தகவல் தந்தவர்கள். முதல் தொகுதியிலேயே குடம்புளி அதன் மலையாளப் பெயரோடும் படத்தோடும் இடம்பெற்றுவிட்டது. உள்ளூர்க்காரர்கள் சரியாகவே காட்டிக்கொடுத்தார்கள். பின்னால் 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ், கம்போடியாப் பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் சாயப் பிசினோடு இந்த மரத்தை இணைத்து ‘கம்போஜியா’ என்று பெயர் வைத்தார். இந்த மரத்திலும் மஞ்சள் பால் வடியும் என்பது குழப்பத்தை வளர்த்தது. அந்தச் சாயப் பிசினைத் தருவது தென்கிழக்கு ஆசியாவின் வேறொரு கார்சினியா. அதன் பிசின் கடுமையான பேதி மருந்து. ஆனாலும் தவறான அந்தப் பெயர் இன்றும் இளைப்பு மாத்திரைப் புட்டிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புளிப்பு புளிப்புதானே, வாளன்புளியையே கரைத்து ஊற்றினால் என்ன என்ற கேள்விக்கு விடை அமிலத்தில் இருக்கிறது. குடம்புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக், சிட்ரிக் அமிலங்கள் என்றே முன்பு கருதினார்கள். 1965இல் லூயிஸ், நீலகண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அது ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் என்று நிறுவினார்கள். காய்ந்த தோலின் எடையில் சுமார் 10 முதல் 30 சதவீதம்வரை இந்த அமிலம் இருக்கக்கூடும். வாளன்புளியின் முக்கிய அமிலம் டார்டாரிக். அதோடு அதன் சதையில் சர்க்கரையும் பெக்டினும் நிறைய உண்டு. கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டியாகி, புளிப்போடு இனிப்பும் தட்டும். குடம்புளியை யாரும் கரைத்துப் பிழிவதில்லை. துண்டு அப்படியே கொதிக்கிறது, புளிப்பு மெல்ல இறங்குகிறது, குழம்பு நீர்த்தே நிற்கிறது. கோட்டயத்துச் சிவந்த மீன் கறியில் மிளகாயும் மீன் எண்ணெயும் தெளிவாகத் தெரிவது இதனால்தான். வட மலபாரில் வாளன்புளியிலும் பச்சை மாங்காயிலும் அருமையாக மீன் கறி வைக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. அவை குடம்புளிக்கு மாற்றாக வந்தவை அல்ல, தம்மளவில் வேறு கறிகள்.

மீனோடு இந்தப் புளி சேர்ந்ததற்கு வேதியியல் காரணமும் உண்டு. மீன் கவிச்சைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில்அமின். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறி நாற்றம் அடங்குகிறது. அமிலம் கூடினால் பாக்டீரியா பெருகுவதும் தடைப்படும். இலங்கையில் இதே பழத்தைக் கொறக்கா என்கிறார்கள். அதை அரைத்துப் பூசி வற்றவைக்கும் ‘அம்புல் தியல்’ என்ற சூரை மீன் பண்டம், குளிர்பெட்டி இல்லாத காலத்திலும் பல நாள் தாங்கியது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களைச் சூட்டில் போட்டுவைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். உருவானபின் எந்தப் புளியும் எந்தக் கொதியும் அதை நீக்காது. குடம்புளி நல்ல மீனைக் காக்கும், கெட்ட மீனைத் திருத்தாது.

முதல்முறை சமைப்பவர் அரைக் கிலோ மீனுக்கு மூன்று நான்கு துண்டுகளைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, நீரோடு சேர்த்துக் கொதிக்கவிடலாம். அலுமினியப் பாத்திரத்தை அமிலம் அரிக்கும் என்பதால் மண்சட்டி நல்லது. கறி மறுநாள் ருசிப்பதாகச் சொல்வதில் பொருளுண்டு. அடுப்பை அணைத்தபிறகும் துண்டிலிருந்து புளிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். போதும் என்று தோன்றியதும் துண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, உடல் இளைக்கும் என்று சொல்லி இதை விற்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கொழுப்பு உருவாக உதவும் ஒரு நொதியைக் குடம்புளியின் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் தடுக்கும் என்று 1969இல் அமெரிக்காவில் கண்டறிந்தது உண்மை. ஆனால் அது சோதனைக் குழாயில் கிடைத்த செய்தி. 1998இல் 135 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், தினமும் 1,500 மில்லிகிராம் அமிலம் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ குறைந்தார்கள். 2009இல் ‘ஹைட்ராக்ஸிகட்’ என்ற இளைப்பு மாத்திரைகளை உண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகப் புகார்கள் வந்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தபின் அவை திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பல சரக்குகள் கலந்திருந்ததால் பழியை ஒன்றின்மேல் மட்டும் சுமத்த முடியாது. இருந்தாலும் குடும்பமே பகிர்ந்து உண்ணும் குழம்பில் மிதக்கும் நான்கு துண்டும், மாதக்கணக்கில் வேளை தவறாமல் விழுங்கும் செறிவூட்டிய சாறும் உடலுக்கு ஒன்றல்ல. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அந்தப் புட்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது.