“உங்க ஊரிலும் இது உண்டா?”

“சமையலும் தையலும் தவிர வேறெதுவும் தெரியாத நீ, டாக்டர்களோடு வெளிநாட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறாய்?” என்று என் நாத்தனார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2023 கிறிஸ்துமஸுக்கு முன்னால், எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த மார்ச் மாதம் நேபாளத்து மலைக் கிராமங்களில் பெண்களுக்காகப் பத்து நாள் மருத்துவ முகாம். மூன்று டாக்டர்களும் நான்கு நர்சுகளும் போகிறார்கள். கூடமாட ஒத்தாசைக்குக் கொஞ்சம் இந்தி தெரிந்த பெண்கள் வேண்டும். போக வர ஆகிற செலவு அவரவர் பொறுப்பு.

கணவரின் வேலையை ஒட்டி ஏழு வருஷம் நாக்பூரில் குடியிருந்தவள் நான். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்கு இந்தி வரும். கையில் சீட்டு எடுத்த பணமும் கொஞ்சம் இருந்தது. “அந்தப் பணத்தை அப்படியே அனுப்பினால் நாலு பேருக்கு மருந்தாவது வாங்கலாமே?” என்றாள் என் மூத்த மகள். அதுவும் நியாயமான கேள்விதான். டாக்டரம்மாவிடமே கேட்டேன். “பணமும் வேணும்தான். ஆனா, பரிசோதனை மேஜையில ஏறப் பயப்படுற பொம்பளையோட கையைப் பிடிச்சுக்க ஒரு ஆளும் வேணுமே அக்கா!” என்றார். அந்த ஒரு வார்த்தையில் கிளம்பிவிட்டேன்.

எல்லை தாண்டி

சென்னையிலிருந்து ரயிலில் கோரக்பூர்; அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. நேபாளம் போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் பணம் நூற்று அறுபது. புட்வல் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் பால்பா மாவட்டத்தின் தான்சேன் ஊர். மார்ச் மாதமாதலால் மலைச் சரிவெல்லாம் குராஸ் மரங்கள் செக்கச்செவேலென்று பூத்திருந்தன. அதுதான் அவர்களுடைய தேசிய மலராம்.

இந்தத் தான்சேனுக்கு ஒரு கதை உண்டு. முசௌரியில் பள்ளி ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ராபர்ட் ஃபிளெமிங், 1949-ல் பறவைகளைப் பற்றி ஆராய இந்தப் பக்கம் வந்தார். பிறகு 1951-52 குளிர்காலத்தில் மறுபடி வந்தபோது, டாக்டரான அவர் மனைவி பெத்தலும், இன்னொரு டாக்டர் கார்ல் ஃபிரெடெரிக்ஸும் உடன் வந்தார்கள். டாக்டர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஜனங்கள் திரண்டுவிட்டார்கள். இப்படித் தொடங்கியதுதான் அங்கே கிறிஸ்தவ மருத்துவப் பணி. பல சபைகள் சேர்ந்து ‘யுனைடெட் மிஷன் டு நேபாள்’ என்ற அமைப்பை 1954-ல் உண்டாக்கின. அது எங்கே உருவானது தெரியுமா? நாங்கள் குடியிருந்த அதே நாக்பூரில்! ஏழு வருஷம் அங்கே இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கிளம்புமுன் எங்களுக்கு இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்று, வெளிநாட்டு டாக்டர்கள் நேபாள மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்த பிறகுதான் ஒருவரைத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, அங்கே பிறரை மதம் மாற்றுவது குற்றம். 2015-ல் வந்த அரசியல் சாசனத்திலும், 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு துண்டுப் பிரசுரம்கூட நாங்கள் எடுத்துப் போகவில்லை. விடியற்காலையில் எங்களுக்குள் கூடி ஜெபம் செய்துகொள்வோம். அப்புறம் வேலை. அவ்வளவுதான்.

சேலைத் திரை

தான்சேனிலிருந்து ஜீப்பில் பல மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ஒரு கிராமப் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம்; அந்தப் பெண்களின் மானம் முக்கியம்.

வகுப்பறையை மறைக்கத் திரை இல்லை. நான் கொண்டுபோயிருந்த ஆறு பழைய நூல் சேலைகளையும் கயிற்றில் போட்டு, ஊக்கு குத்தி, மூன்று தடுப்பறைகள் ஆக்கினேன். என் முதல் உதவி அதுதான். பிறகு டோக்கன் எழுதுவது, வெந்நீர் போடுவது, அம்மா உள்ளே போனால் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொள்வது, பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இதற்கெல்லாம் படிப்பு எதற்கு?

வந்த பெண்களில் பலரும் தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு வியாதி உண்டு. நேபாளியில் ‘ஆங் கஸ்னே’ என்கிறார்கள். உடம்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம். நம் பக்கத்தில் ‘அடி இறக்கம்’ என்போமே, அதுதான். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடித்திருக்கிற தசைகளும் நார்களும் தளர்ந்து, கர்ப்பப்பை கீழே இறங்கிவிடுகிறது. முற்றிப்போனால் வெளியிலேயே வந்துவிடும்.

நேபாளத்தில் சுமார் 6 லட்சம் பெண்களுக்கு இந்தத் தொல்லை இருப்பதாக 2000-களில் கணக்கிட்டிருந்தார்கள். சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிரசவம், வீட்டிலேயே நெடுநேரம் முக்கிப் பெறுவது, போதாத சாப்பாடு, பிள்ளை பெற்ற சில நாளிலேயே பாரம் தூக்குவது என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ‘டோகோ’ என்று ஒரு மூங்கில் கூடை. அதன் பட்டையை நெற்றியில் மாட்டி, புல்லும் விறகும் சாணமும் அதில்தான் சுமக்கிறார்கள். இது வெறும் வியாதி மட்டுமல்ல, பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று 2008-ல் நேபாள உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டுகளில்தான் அரசாங்கமும் இலவச ஆபரேஷன் திட்டத்தைத் தொடங்கியது.

நான் சொன்ன பொய்

இரண்டாம் நாள் ஓர் அம்மாள் வந்தார். நேபாளியில் அம்மாவை ‘ஆமா’ என்கிறார்கள். யாரையாவது அப்படிக் கூப்பிட்டாலே எனக்கு நம் ஊர் ‘ஆமாம்’ ஞாபகம் வந்து சிரிப்பு வரும். இந்த ஆமாவுக்கு 52 வயது. பதினைந்தில் கல்யாணம், ஆறு பிரசவம். இரண்டாவது பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் புல்லுக்கட்டு சுமந்தாராம். அப்போது இறங்கியது. துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். அதற்குப் பின்னும் நாலு பிள்ளைகள்! பெஞ்சில் உட்காரச் சொன்னால், “வேண்டாம்” என்று சுவரில் சாய்ந்து நின்றார். உட்கார முடியாதாம்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான் வழி என்றார். ஆமா தலையைப் பலமாக ஆட்டிவிட்டார். முடியாது! பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அந்த ஊர்ப் பெண் சுகாதாரத் தொண்டர் அதை எனக்கு இந்தியில் சொன்னார்: “உங்க ஊரிலும் இது உண்டான்னு கேக்குறாங்க.”

நான் யோசிக்கவே இல்லை. “இல்லை, எங்க ஊரில் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம்” என்றேன்.

ஆமா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். மறுநாள் வீட்டாரோடு வரச் சொல்லி அனுப்பினோம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சகோதரிகளே, நான் சொன்னது பச்சைப் பொய். என் கடைக்குட்டி பிறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிப் பிரசவம்தான்; ஆனால் பிள்ளை நாலு கிலோ. அதிலிருந்தே சாயங்காலமானால் அடிவயிறு கனத்து, கீழே ஏதோ வந்து முட்டுகிற மாதிரி இருக்கும். பலமாக இருமினால், தும்மினால் சேலை நனையும். இடுப்பு வலி என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இரண்டு நாளாக அந்தப் பெண்கள் சொன்ன ஒவ்வொரு அறிகுறியையும் சீட்டில் எழுதினேனே, அவற்றில் பாதி என்னுடையது! படிப்பறிவில்லாத மலைநாட்டுப் பெண் முப்பது வருஷம் மறைத்தாள் என்று பரிதாபப்பட்டேன். பன்னிரண்டு வருஷம் மறைத்தவளுக்கு என்ன பெயர்?

விடிந்ததும் டோக்கன் கட்டை எடுத்தேன். முதல் டோக்கனில் என் பெயரை எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் பழைய சேலைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். “ரொம்ப முத்தலைக்கா. ஆபரேஷன் வேண்டாம். பயிற்சி சொல்லித் தரேன். ஊருக்குப் போனதும் ஒரு டாக்டர்கிட்ட தொடர்ந்து காட்டணும்” என்றார். பன்னிரண்டு வருஷப் பயம் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது.

ஆமா மருமகளோடு வந்தார். தொண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “நேற்று நான் சொன்னது பொய். எங்க ஊரிலும் உண்டு. எனக்கே உண்டு” என்றேன். ஆமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அதனால்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். அவருடைய உண்மையான கவலை வேறு. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றால் எருமைக்கு யார் புல் வெட்டுவது? அதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்தவர் அந்தத் தொண்டர்தான். மகனையும் மருமகளையும் பக்கத்து வீட்டுக்காரியையும் உட்கார வைத்து, யார் எந்த வேளை என்று முறை போட்டுக் கொடுத்தார். அதன் பிறகே ஆமா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

இப்படிப்பட்ட பெண் சுகாதாரத் தொண்டர்கள் நேபாளத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1988-ல் தொடங்கிய திட்டம். மாதச் சம்பளம் கிடையாது. பத்து நாள் தங்கிவிட்டு நாங்கள் பஸ் ஏறிவிடுவோம். தையல் பிரிக்கும்போதும் புண் ஆறும்போதும் பக்கத்தில் இருப்பது அவர்கள்தானே? யாராவது இப்படிப் பணிக்குப் போவதாக இருந்தால் கேட்க வேண்டியவை மூன்று. அந்த ஊரார் அழைத்தார்களா? அனுமதி இருக்கிறதா? நாம் திரும்பிய பிறகு நோயாளியைப் பார்த்துக்கொள்ள அங்கே யார்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதே நல்லது.

நமக்காகச் சில வார்த்தைகள்

டாக்டரம்மா எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அடிவயிற்றில் கனம், கீழே ஏதோ இறங்குகிற உணர்வு, இருமினால் சிறுநீர் கசிவது, சிறுநீரோ மலமோ முழுசாகப் போகாத மாதிரி இருப்பது, தீராத இடுப்பு வலி – இவற்றில் எது இருந்தாலும் பெண் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பயிற்சியே போதும். அடுத்து, உள்ளே வைக்கும் ரப்பர் அல்லது சிலிக்கோன் வளையம் இருக்கிறது. அதைக் குறித்த காலத்தில் எடுத்துச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். முற்றினால் ஆபரேஷன்.

பயிற்சி சுலபம். சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இழுப்போமோ, அதை மேல்நோக்கி இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். பிறகு ஐந்து எண்ணும் வரை தளர விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்து முறை, தினம் மூன்று வேளை. ஆனால் சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகாதீர்கள். மாவு அரைபடும்போதும் செய்யலாம், பஸ்ஸில் உட்கார்ந்தும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

பிரசவமான புதிதில் தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர் எதையும் தூக்காதீர்கள். மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளை பெற்ற மகளையும் மருமகளையும் ‘நாங்க அந்தக் காலத்தில’ என்று விரட்டாதீர்கள். நம் பெரியவர்கள் நாற்பது நாள் ஓய்வு என்று வைத்தது வீணுக்கு அல்ல.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறு வாரம் சிலிண்டரை அவரே உருட்டிக்கொண்டு போய் மாட்டினார். பிறகு நாத்தனாரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பயிற்சி என்னவோ சொன்னியே, எனக்கும் சொல்லிக் குடு” என்றார்.

அந்த ஜூன் மாதம் தொண்டர் ஒரு போட்டோ அனுப்பினார். வீட்டு முற்றத்து வெயிலில், தரையில் பாய் விரித்து, கால் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் ஆமா.