இயந்திரத்தைக் குளிர்த்தலும் புகை வெளியேற்றமும்

மாணவர்களே, முரசுமோட்டை வயல்களில் உழும் நீராற் குளிரும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கு நீர் ஊற்றுகிறார்கள். வரம்போரம் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதில்லை. ஏன்? இதற்குக் காரணம் எழுதத் தெரிந்தால் "வெப்பம்" அலகின் பெரும்பகுதி விளங்கிவிட்டது எனலாம்.

வெப்பம் எங்கே போகிறது?

எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகிறது. மிகுதியிற் பெரும்பகுதி புகையுடனும் உருளைச் சுவரினூடாகவும் வெப்பமாக வெளியேற வேண்டும். வெளியேறாவிடின் முசலம் விரிந்து உருளையில் இறுகும், மசகெண்ணெயும் பழுதடையும்.

குளிர்த்தும் முறைகள்

1. வளியாற் குளிர்த்தல்: உருளையைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். இவை மேற்பரப்பளவைக் கூட்டுகின்றன. ஓடும் மோட்டார் சைக்கிளில் மோதும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

2. நீராற் குளிர்த்தல்: 1 லீற்றர் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசால் உயர்த்த 4200 யூல் தேவை. 1 லீற்றர் வளிக்கு ஏறத்தாழ 1.2 யூல் போதும். எனவே சமகனவளவில் நீர் 3500 மடங்கு வெப்பத்தைக் கொள்கிறது. மெதுவாக நகர்ந்து பெருஞ்சுமை இழுக்கும் உழவு இயந்திரத்துக்கு இது பொருத்தமானது.

வானத்தில் இரு முறைகள்

1942 ஏப்ரல் 5 இல் கொழும்பையும் 9 இல் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அவற்றுள் சீரோ விமானத்தின் 14 உருளை இயந்திரம் வளியாற் குளிர்ந்தது. எதிர்த்த பிரித்தானிய ஹரிக்கேனின் 12 உருளை மெர்லின் இயந்திரம் திரவத்தாற் குளிர்ந்தது. ஹரிக்கேனின் வயிற்றுப் பகுதியில் இருந்த றேடியேற்றரில் குண்டு பட்டுத் திரவம் ஒழுகினால், இயந்திரம் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

இன்று இவ்விமானங்களின் வடிவில் வானொலியால் இயக்கப்படும் பெரிய மாதிரிகள் செய்யப்படுகின்றன. பெற்றோலில் இயங்கும் மாதிரிகளில் பெரும்பாலும் வளியாற் குளிரும் இயந்திரமே உண்டு. அது மூக்கு உறைக்குள் மறைந்திருப்பதால் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

- புகும் வளி வேறு வழியால் நழுவாது தகடுகளினூடாகவே செல்லும்படி தடுப்புகள் வைத்தல். உறையில் துளை மட்டும் இருந்தாற் போதாது.
- வெளியேறும் வழியைப் புகும் வழியிலும் பெரிதாக அமைத்தல். சூடான வளி விரிவடைவதே காரணம்.
- புகைக் குழாய்க்கும் உறைக்கும் இடையே இடைவெளி விடுதல். இல்லாவிடின் குழாயின் வெப்பத்தால் உறை கருகும்.

புகையில் உள்ள ஆபத்து

முழுமையற்ற தகனத்தால் காபனோரொட்சைட்டு உண்டாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. இது ஈமோகுளோபினுடன் இணைந்து ஒட்சிசன் கடத்தப்படுவதைத் தடுக்கும். ஆகவே நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கியோ மூடிய கொட்டிலுள் வைத்தோ இயக்கக் கூடாது. கிணற்றுள் ஒருவர் மயங்கினால், அவரைத் தூக்க உடனே இறங்குபவரும் உயிரிழக்கலாம். இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

நினைவிற் கொள்க: சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்க வேண்டாம். அமுக்கம் குறைந்ததும் நீர் கொதித்துச் சீறும்.

மாதிரி வினா: 30 பாகை செல்சியசிலுள்ள 1 கிலோகிராம் நீர் 90 பாகைக்கு உயரும்போது உறிஞ்சும் வெப்பம் யாது?

விடை: திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை உயர்வு = 1 × 4200 × 60 = 252 000 யூல். அலகை எழுத மறவாதீர்கள்.